காதுத்துளை மட்டம்: கடுமையான தலைக்காயத்தில் மண்டை உள்ளழுத்தம் பார்த்த ஒரு நிகழ்வு

நிகழ்வு ஆய்வு என்றால் பெரும்பாலும் அபூர்வமான நோயைத் தேடிப் பிடித்து எழுதுவார்கள். இதில் அபூர்வம் எதுவும் கிடையாது. பைக், இருட்டு, பின்விளக்கு இல்லாத டிராக்டர். மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எவரும் மாதத்துக்கு நான்கைந்து பார்த்திருப்பார்கள். ஆனால் இந்த நோயாளியிடம் மூன்று மணி நேரம் மானிட்டர் ஒரு தப்பான எண்ணைக் காட்டியது. நாங்கள் எல்லோரும், நான் உட்பட, அதை நம்பிக்கொண்டிருந்தோம். எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான். குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்து சேர்ந்த இரவு

வயது 32, கொத்தனார், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர். மதுரையில் வேலை முடித்து ஊர் திரும்பும்போது, செக்கானூரணி தாண்டி, வைக்கோல் ஏற்றிப் போன டிராக்டரின் பின்னால் மோதியிருக்கிறார். இரவு ஏழே முக்கால் மணி இருக்கும். ஹெல்மெட் இருந்தது, பெட்ரோல் டேங்க் மேல். (டேங்குக்கு அடிபட்டு இதுவரை ஒரு கேஸும் எனக்கு வந்ததில்லை.)

108 வந்து முதலில் கொண்டுபோன இடத்தில் தலையில் தையல் போட்டு, டிரிப் ஏற்றி, கழுத்துப்பட்டை மாட்டி அனுப்பியிருந்தார்கள். மூச்சுக்குழாய் போடவில்லை. எங்களிடம் வந்தபோது மணி 9.50. மாஸ்க்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தும் செறிவு 86 தான். ரத்த அழுத்தம் 100/60. அடிபட்ட மூளைக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் இரண்டாவது அடி. ஆக்சிஜன் 90க்குக் கீழே போகக்கூடாது; இந்த வயதில் மேல் அழுத்தம் 110க்குக் குறையக்கூடாது. இவர் இரண்டிலும் தவறியிருந்தார், எவ்வளவு நேரமாக என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை.

நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் கண் 1, பேச்சு 2, கை அசைவு 4, மொத்தம் 15-க்கு 7. டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974-ல் வகுத்த இந்தக் கணக்கில் 8-ம் அதற்குக் கீழேயும் கடுமையான காயம். இடது கண்பாப்பா 4 மி.மீ., டார்ச் அடித்தால் மெதுவாகச் சுருங்கியது. வலது 3 மி.மீ., சுறுசுறுப்பு. மூச்சுக்குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே ஸ்கேனுக்குப் போனோம்.

சி.டி.யில் இடது பொட்டுப் பகுதியில் மூளை நசுங்கிய ரத்தக்கசிவுகள். அதே பக்கம் மூளை உறைக்கு அடியில் 6 மி.மீ. தடிமனில் ரத்தத் தகடு. நடுக்கோடு வலப்பக்கம் 4 மி.மீ. தள்ளியிருந்தது. மூளைத்தண்டைச் சுற்றி இருக்க வேண்டிய கறுப்பு இடைவெளிகள் பாதி மூடிக் கிடந்தன. தகடு 10 மி.மீ.க்கு மேலோ, தள்ளல் 5 மி.மீ.க்கு மேலோ இருந்திருந்தால் யோசிக்காமல் மண்டையைத் திறந்திருப்போம். இவர் வேலிமேல் நின்றார். இந்த மாதிரி ஆளுக்குத்தான் உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டும்: மயக்க மருந்தில் இருப்பவரிடம் பேசிப் பார்க்க முடியாது, ஸ்கேனை மணிக்கு மணி எடுக்க முடியாது.

எதற்கு அளக்கிறோம்

மண்டை ஓட்டுக்குள் சுமார் 1400 மில்லி மூளை, 150 மில்லி ரத்தம், 150 மில்லி மூளை நீர். எலும்பு விரியாது. ஒன்று கூடினால் இன்னொன்று வெளியேற வேண்டும். 1783-ல் எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்ரோ சொன்னதும், 1824-ல் லீத் துறைமுகத்து மருத்துவர் ஜார்ஜ் கெல்லி தொடர்ந்ததும் இதைத்தான். பெரியார் பஸ் ஸ்டாண்டில் சாயங்கால டவுன் பஸ் மாதிரி. பத்துப் பேர் கூட ஏறினாலும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று நகர்ந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு கட்டத்தில் பதினோராவது ஆள் கால் வைத்தவுடன் கதவு மூடாது. மூளையிலும் அப்படித்தான்: முதலில் நீர் தண்டுவடப் பக்கம் இறங்கி இடம் கொடுக்கும், சிரை ரத்தம் வெளியேறும், அழுத்தம் அசையாது. அந்த இடமெல்லாம் தீர்ந்தபிறகு ஐந்து மில்லி வீக்கம் கூடினாலும் எண் குதிக்கும். அதனால் "இதுவரை நன்றாகத்தானே இருந்தார்" என்ற பேச்சுக்குத் தலைக்காயத்தில் மதிப்பு கிடையாது.

இயல்பான அழுத்தம் 5 முதல் 15 மி.மீ. பாதரசம். 22-ஐத் தாண்டினால் சிகிச்சை தேவை என்பது இப்போதைய வழிகாட்டுதல். முன்பு 20 என்று வைத்திருந்தோம். அப்புறம் இன்னொரு கணக்கு: சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து மண்டை அழுத்தத்தைக் கழித்தால் மூளைக்கு ரத்தம் தள்ளும் விசை கிடைக்கும். அது 60-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

அளக்க இரண்டு வழி. மூளைத் திசுவுக்குள் நுனியில் உணரி உள்ள மெல்லிய இழையைச் செருகுவது ஒன்று. சுலபம், ஆனால் விலை பல மடங்கு. மற்றது மூளையின் நீர்க்குழியான வென்ட்ரிக்கிளுக்குள் சிலிக்கான் குழாயை விட்டு வெளியே கொண்டுவருவது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் நில்ஸ் லுண்ட்பெர்க் 1960-ல் இந்த முறையில் நோயாளிகளின் அழுத்தத்தை மணிக்கணக்கில் தாளில் பதிய வைத்துக் காட்டினார். நம் ஊருக்கு இந்தக் குழாய்தான் தோது. அளக்கவும் செய்யலாம், நீரை வடித்து அழுத்தத்தைக் குறைக்கவும் செய்யலாம்.

எங்கள் நியூரோசர்ஜன் வலது பக்கம் போட்டார். மூக்குத் தண்டின் வேரிலிருந்து பின்னால் 11 செ.மீ., நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 3 செ.மீ., அங்கே ஒரு துளை. குழாயின் நுனி ஒரு கோணத்தில் கண்ணின் உள் ஓரத்தையும் இன்னொரு கோணத்தில் காதையும் குறிபார்த்தபடி போகும். வீங்கிய மூளையில் நீர்க்குழி கீற்றாகச் சுருங்கியிருக்கும். முதல் முறை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது முறை, ஐந்தரை செ.மீ. ஆழத்தில், கையில் லேசாக ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது என்றார். இளஞ்சிவப்பு நீர் துள்ளி வந்தது. தோலுக்கு அடியில் குழாயை நாலு விரற்கடை ஓட்டி, தையல் போட்டுக் கட்டினோம். முதல் எண் 24. சராசரி ரத்த அழுத்தம் 85. விசை 61, நூலிழையில்.

முதல் நாள்

சில வேலைகள் காசில்லாதவை. அவற்றைத்தான் முதலில் செய்தோம். கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரி. கழுத்து நேராக. இறுக்கமாகப் போட்டிருந்த கழுத்துப்பட்டையைத் தளர்த்தி, மூச்சுக்குழாயைக் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்துக் கன்னத்தில் ஒட்டினோம். இவை இரண்டும் கழுத்துச் சிரையை அமுக்கி மண்டையில் ரத்தத்தைத் தேக்கும். அதை மட்டும் செய்ததில் 24 என்பது 21 ஆனது. மூன்று மி.மீ., ஒரு கத்தரிக்கோல் செலவில்.

பிறகு வலிக்கும் மயக்கத்துக்கும் மருந்து, வென்டிலேட்டரில் கரியமில வாயு 35 முதல் 38, வலிப்பு வராமலிருக்க ஏழு நாளுக்கு லெவடிராசிடாம். சித்திரை வெயில் வேறு. காய்ச்சல் 38.6 வந்தபோது அழுத்தம் கூடவே ஏறியது. பாராசிட்டமாலும் ஈரத்துணியும் ஃபேனும் போட்டுத் தணித்தோம். ஸ்டீராய்டு கொடுக்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர், வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர், ஏன் டெக்ஸா போடவில்லை என்று போனில் சண்டை பிடித்தார். 10,008 பேரை வைத்து நடந்த ஆய்வு 2004-ல் ஒரு பதிலைத் தந்துவிட்டது: தலைக்காயத்தில் ஸ்டீராய்டு சாவைக் கூட்டுகிறது. அவர் சமாதானமாகவில்லை. சரி.

குழாயின் வெளிமுனையில் நீர் விழும் வடிகால் கலத்தை, மூளையின் நீர்க்குழிக்கு நேரான காதுத்துளை மட்டத்திலிருந்து 15 செ.மீ. உயரத்தில் வைத்தோம். மண்டைக்குள் அழுத்தம் 15 செ.மீ. நீர் மட்டத்தை, அதாவது 11 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் நீர் தானாக வழிந்து கலத்தில் விழும். மணிக்கு 7, 8, 9 மில்லி என்று விழுந்தது. ஒவ்வொரு மணிக்கும் வடிகாலை மூடி ஐந்து நிமிடம் கழித்து எண்ணைக் குறிக்க வேண்டும். வடிகால் திறந்திருக்கும்போது மானிட்டர் காட்டும் எண்ணை எழுதவே கூடாது. அது கலத்தின் உயரத்தைக் காட்டுகிறதே தவிர மண்டையைக் காட்டுவதில்லை. மறுநாள் மதியம் வரை 13, 15, 14. எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம்

ஆறரை மணிக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வண்டி வந்தது. தட்டைச் செருக வசதியாகக் கட்டிலை இறக்கினார்கள், தலையைத் தாழ்த்தினார்கள். எடுத்து முடித்ததும் தலைப்பக்கத்தை மறக்காமல் 30 டிகிரிக்கு உயர்த்தினார்கள். கட்டில் மட்டும் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. காது மட்டத்தில் நின்று அழுத்தத்தை எண்ணாக்கி மானிட்டருக்கு அனுப்பும் டிரான்ஸ்டியூசரும் வடிகால் கலமும் தனி ஸ்டாண்டில். அவை பழைய உயரத்திலேயே.

ஏழேகாலுக்கு நான் வீட்டிலிருந்து போன் செய்தேன். சிஸ்டர் சொன்னார்: "12 சார். வடிகால்ல ஒண்ணும் வரல." நான் "நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த "நல்லது" இன்னும் காதில் கேட்கிறது. அழுத்தம் குறைவு, அதனால் நீர் வழியவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதுபோல இருந்தது. ஒரே பொய்யனின் இரண்டு வாக்குமூலம் என்று அப்போது தோன்றவில்லை.

இரவு ஒன்பதே முக்காலுக்கு ரவுண்ட்ஸ் வந்தேன். மானிட்டரில் மண்டை அழுத்தம் 12. ரத்த அழுத்தம் சராசரி 90, விசை 78. பச்சை எழுத்தில், அலாரம் இல்லாமல். போய்விடலாம் என்றுதான் திரும்பினேன். அலை கண்ணில் பட்டது.

அழுத்த அலையில் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் மூன்று முகடுகள் இருக்கும். மூளையில் இடம் இருக்கும்போது முதல் முகடு உயரம், இரண்டாவது அதைவிடக் குட்டை, மூன்றாவது இன்னும் குட்டை. மாடிப்படி இறங்குவது மாதிரி. இடம் தீர்ந்து மூளை இறுகும்போது இரண்டாவது முகடு முதலைத் தாண்டி எழும்பும், அலை கோயில் கோபுரம் மாதிரி உருண்டு நிற்கும். அன்றைக்கு மானிட்டரில் இருந்தது கோபுரம். 12 என்ற எண்ணுக்கும் அந்த அலைக்கும் சம்பந்தமே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கண்பாப்பா 5 மி.மீ., சோம்பல்.

கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். வடிகால் கட்டத்தில் சிஸ்டர் நேர்மையாக எழுதியிருந்தார்: 8, 9, 7, அப்புறம் 0, 0, 0. ஆறரை மணிக்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை. தரையில் குந்திக் காதுத்துளையிலிருந்து ஸ்டாண்டு வரை நூலைப் பிடித்தேன். டிரான்ஸ்டியூசர் 16 செ.மீ. மேலே இருந்தது.

கணக்கு எளிது. ஒரு மி.மீ. பாதரசம் என்பது 1.36 செ.மீ. தண்ணீர். 16 செ.மீ. வித்தியாசம் கிட்டத்தட்ட 12 மி.மீ. டிரான்ஸ்டியூசர் தலைக்கு மேலே இருந்தால் அந்த அளவு குறைத்துக் காட்டும், கீழே இருந்தால் கூட்டிக் காட்டும். ஆக உண்மையான அழுத்தம் 24. உண்மையான விசை 66. கலமும் 16 செ.மீ. ஏறிவிட்டதால் காதிலிருந்து 31 செ.மீ. உயரத்தில் நின்றது, அதாவது 23 மி.மீ. அழுத்தம் அதைத் தொடும்வரை ஒரு சொட்டும் விழாது. மூன்று மணி நேரமாக நாங்கள் வடிகாலை மூடிவைத்திருந்ததற்குச் சமம். அழுத்தம் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

(ரத்த அழுத்த டிரான்ஸ்டியூசரை நாங்கள் கட்டில் சட்டத்திலேயே காது உயரத்தில் மாட்டுவோம், அதனால் அது கட்டிலோடு இறங்கித் தப்பித்தது. இதய உயரத்தில் மாட்டும் பழக்கமும் உண்டு. தலையை 30 டிகிரி உயர்த்திய ஆளிடம் அப்படி மாட்டி, மண்டை அழுத்தத்தைக் காதுத்துளையில் அளந்து இரண்டையும் கழித்தால், விசை 10 மி.மீ.க்கு மேலேயே கூடுதலாகத் தெரியலாம். எந்த உயரம் என்று எழுதாமல் விசையை மட்டும் எழுதிய கேஸ் ஷீட்டை நான் நம்புவதில்லை.)

ஸ்டாண்டை இறக்கி, காற்றுக்குத் திறந்து சுழியம் செய்து, மூடிப் பார்த்ததும் 24 வந்தது. வடிகாலைத் திறந்தவுடன் பன்னிரண்டு மில்லி வழிந்து அலை கொஞ்சம் படிந்தது. மூளை வீக்கத்தைக் குறைக்க, 70 கிலோ ஆளுக்கு 20 சத மானிடால் 175 மில்லி. மறுபடி சி.டி. இடது பொட்டுக் கசிவுகள் பெரிதாகியிருந்தன, தகடு அப்படியே, தள்ளல் 4-லிருந்து 5. பொட்டுப் பகுதிக் கசிவு முதல் இரண்டு நாளில் பெரிதாவது வழக்கம்தான். மட்டம் சரியாக இருந்திருந்தாலும் பெரிதாகியிருக்கும். ஆனால் ஏழு மணிக்கே பார்த்திருப்போம்.

அதிகாலை இரண்டு மணிக்கு 29. சோடியம் 146. 3 சத உப்புக் கரைசல் 150 மில்லி ஓட்டி, மயக்க மருந்தை ஆழப்படுத்தினோம். தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டு வெளியே வந்து குடும்பத்தாரிடம் பேசினேன். மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அண்ணன், அவரும் கொத்தனார், எழுந்து நின்றார்.

மண்டை எலும்பில் உள்ளங்கை அளவுக்கு மேல் ஒரு துண்டை எடுத்துவிட்டால் வீக்கத்துக்கு இடம் கிடைக்கும். 2016-ல் வெளியான பெரிய ஆய்வில், மருந்துக்கு அடங்காமல் 25-க்கு மேல் நின்றவர்களில் எலும்பை எடுத்தவர்களில் ஆறு மாதத்தில் இறந்தோர் 26.9 சதவீதம், எடுக்காதவர்களில் 48.9. ஆனால் நினைவின்றிப் படுத்தபடுக்கையாக மிஞ்சியவர்களும் எடுத்த பக்கம்தான் அதிகம்: 8.5-க்கு எதிராக 2.1. இந்த எண்களை அதிகாலை இரண்டு மணிக்கு வராந்தாவில் சொல்ல முடியாது. "அண்ணே, எடுத்தா உயிர் நிக்கிறதுக்கு வாய்ப்பு கூடும். ஆனா எந்திரிச்சு நடப்பாரான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது" என்றேன். அவர் தம்பி மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண், "மூச்சு இருந்தாப் போதும்யா, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றேகாலுக்கு 21. நான்கரைக்கு 18. சர்ஜன் தியேட்டர் வாசலிலேயே இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினார். அந்தப் படிவம் கேஸ் ஷீட்டில் பயன்படாமலேயே கிடக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. கொண்டுவந்தவுடன் காசு எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. எத்தனையோ பேர் இதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் மூளை வீக்கத்துக்கு அந்த 48 தெரியாது. மூன்றாம் நாளும் நான்காம் நாளும்தான் அது முழுவீச்சில் இருக்கும். இவருக்கும் அழுத்தம் ஏறி இறங்கிய நாட்களில் பாதி, அண்ணன் காப்பீட்டு அட்டைக்கு நகல் எடுக்க ஓடிய நாட்கள்.

கருவி இல்லாத இடத்தில்

இதைப் படிக்கும் சிலருக்கு பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் 324 பேரிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வு நினைவுக்கு வரும். ஒரு பாதிக்கு அழுத்தம் அளந்து சிகிச்சை. மறுபாதிக்கு அளக்காமல், ஸ்கேனையும் பரிசோதனையையும் வைத்துச் சிகிச்சை. ஆறு மாதச் சாவு அளந்தவர்களில் 39 சதவீதம், அளக்காதவர்களில் 41. பெரிய வித்தியாசம் இல்லை. அதைக் காட்டி "அளந்து என்ன பிரயோஜனம்" என்பவர்கள் உண்டு. அந்த ஆய்வில் அளக்காதவர்களைச் சும்மா விடவில்லை. முன்கூட்டியே வகுத்த நேரத்தில் ஸ்கேன், மணிக்கு மணி கண்பாப்பா, ஸ்கேனில் வீக்கம் தெரிந்தால் கணக்காக மருந்து. நம் ஊரில் கருவி இல்லாத வார்டில் இந்த ஒழுங்கு இருந்தால் எனக்குக் குறை எதுவும் இல்லை. கண் நரம்பின் உறையை அல்ட்ராசவுண்டில் அளப்பதும் உதவும், 5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் சந்தேகப்படலாம்.

கருவி வைத்திருந்த நாங்கள் அன்று சாயங்காலம் கண்பாப்பாவைப் பார்த்த கடைசி நேரம் ஐந்து மணி. எண் இருந்ததால் டார்ச்சை எடுக்கவில்லை.

அதன் பிறகு

மூன்றாம் நாளிலிருந்து எங்கள் பிரிவில் கட்டிலைத் தொட்டால் காதைப் பார் என்று வழக்கமாக்கினோம். கேஸ் ஷீட்டில் எண்ணுக்கு முன்னால் மட்டம் பார்த்த நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தோம். நான்காம் நாள் அண்ணனை உள்ளே விட்டபோது, சிஸ்டர் நூலைப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், நாங்க டியூப்புல தண்ணி மட்டம் பாக்குற மாதிரியே பாக்குறீக?"

அதேதான் என்றேன், தண்ணீரும் குழாயும்தான்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நூலைக் கண்ணால பாத்தா தப்பும் சார். நிக்கிற இடத்தைப் பொறுத்து மாறும். ஒரு ரசமட்டம் வாங்கி வைங்க" என்றார். ஹார்டுவேர் கடையில் ஒன்பது அங்குல ரசமட்டம் வாங்கினோம். இப்போது அது நர்ஸ் மேஜை டிராயரில், டார்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆறாம் நாள் வடிகாலை 24 மணி நேரம் மூடிப் பார்த்தோம். அழுத்தம் 15-ஐத் தாண்டவில்லை, ஸ்கேனில் நீர்க்குழி விரியவில்லை. ஏழாம் நாள் குழாயை எடுத்தோம். நாள் கூடக்கூடத் தொற்று பயம். நீர்ப் பரிசோதனையில் கிருமி வளரவில்லை. எட்டாம் நாள் கழுத்தில் மூச்சுத் துளை. பதினோராம் நாள் கண் திறந்தார். இருபத்து நான்காம் நாள் வீட்டுக்குப் போனார், வலது கை பலவீனத்தோடு, பாதி வார்த்தைகள் நாக்கில் வராமல்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது தானே நடந்து வந்தார். வலது கைப் பிடி எண்பது சதவீதம் வரும். கோபம் சட்டென்று வருகிறதாம், மனைவி சொன்னார். பொருளின் பேர் சில நேரம் வருவதில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே "அது, அது" என்றார். சாரம் ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தேன், ஏறவில்லை. தரையில் நின்று பூச்சு வேலை செய்கிறார், அரை நாள் கூலிக்கு.

"செவுரு நேரா வைக்கிறான் சார்" என்றார் அண்ணன். "எத்தனை செங்கல்னு கேட்டாத்தான் முழிக்கிறான்."